பார்த்தது பார்த்தபடி

அக்கா ஒருவரைப் பார்க்கத் தொடங்கினால் அந்த ஆள் முதலில் முந்தானையைச் சரிசெய்வார், அல்லது மீசையைத் தடவுவார். பிறகு சிரிப்பார். சிரித்ததற்காகக் கூச்சப்படுவார். கூச்சம் முற்றிக் கோபம் வரும். கோபமும் களைத்துப்போன பிறகு, யாருக்கும் காட்டுவதற்காக இல்லாத ஒரு முகம் மெல்ல வந்து உட்காரும். அந்த முகத்துக்காகத்தான் அக்கா அவ்வளவு நேரமும் காத்திருப்பார். காத்திருப்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

பண்ருட்டியிலிருந்து திரும்பும் பேருந்தில் ஒரு நாள், திருநாவலூர் நிறுத்தத்தில் பூக்கூடையோடு ஏறிய பெண் எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். அக்கா பார்த்தார். அவள் நாலு ஊர் பொறுத்தாள்.

"இன்னாம்மா, பாத்துக்கினே வர்ற? என் மூஞ்சில இன்னா எழுதி ஒட்டியிருக்குது?"

"எழுதித்தான் இருக்குது. படிச்சிக்கினு வர்றேன்."

"படிச்சி முடிச்சா எனக்கும் சொல்லு. நாப்பது வருசமா இத்த சுமந்துக்கினு திரியறேன், எனக்கே தெரியல."

பேருந்து சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "ஒரு காதுல தோடு இல்லியே, அடகுலயா?" என்று கேட்டார். கூடைக்காரியின் கை தானாகக் காதுக்குப் போனது. அந்தக் கையையும், மறைக்கப் போய் மறைக்க முடியாமல் நின்ற காதையும், அக்கா கள்ளக்குறிச்சிக்கு எடுத்து வந்தார். மூன்று வாரத்தில் அது படமாயிற்று. நான் பார்த்த மிக அழகான படங்களில் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை, நான் அப்படிக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். அவர் ஓவியர். சென்னையில் முறையாகப் படித்தவர். படித்து முடித்ததும் சென்னையில் தங்கவில்லை. ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பும் நெல்லுமாக இருந்த தன் குடும்பத்திடமும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓர் இரும்புக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்தார். ஏன் இந்த ஊர் என்று கேட்டதற்கு, "பஸ்ஸுக்கு நிக்கறவன் மூஞ்சில பொய் கம்மி தம்பி" என்றார். பதினெட்டு வருடம் அந்த மாடியில் இருந்தார். நான் அப்போது அடுத்த தெருவில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். கண் எரிந்தால் எழுந்து அந்த மாடிக்குப் போய்விடுவேன். என் கவிதைகளை அவர் ஒருநாளும் பாராட்டியதில்லை. "இதுல ஆளே இல்லியேடா" என்பார்.

ஆள் வேண்டும் அவருக்கு. மற்றவர்கள் வட்டமும் கோடும் வண்ணத் திட்டுகளுமாகப் பெரிய சுவர்களை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில் அக்கா மனிதர்களையே வரைந்தார். கரும்பு வெட்டிவிட்டுக் கட்டின்மேல் சாய்ந்து தூங்குகிறவர்கள், மக்காச்சோளம் அடிக்கிற பெண்கள், பிரசவ வார்டின் வெளியே ஒற்றைக் காலில் நிற்கிற கணவன்மார்கள். சென்னையில் காட்சிக்கூடம் வைத்திருந்த ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் உருவத்தையே பிடிச்சிக்கிட்டு இருக்கீங்களேம்மா" என்றார். "உருவத்த வுட்டுட்டா எத்த சார் புடிக்கறது, தூணயா?" என்றார் அக்கா. ஒரு பத்திரிகை 'வட்டார ஓவியர்' என்று எழுதியது. "வட்டாரம்னா இன்னா தம்பி, வட்டாரக் கல்வி அலுவலர் மாறியா? எனக்கும் ஒரு ஜீப்பு குடுப்பாங்களா?" என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வரைவதற்கு முன் ஆளுக்குச் சோறு போடுவார். பசித்த முகத்தை வரையக்கூடாதாம். அது சோற்றைத்தான் பார்க்குமாம். உட்கார்ந்தவருக்கு அன்றைய கூலி உண்டு. படம் முடிந்ததும் அதன் அடியில் உட்கார்ந்தவர் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் எழுதுவார். இது அவருடைய கட்டாயம். 'மலைவாசி', 'கூலிப்பெண்' என்றெல்லாம் பெயர் வைத்துப் படம் விற்கிறவர்களைக் கண்டால் அவருக்கு உடம்பு எரியும். "பணக்காரன் படத்துல மட்டும் பேரு போடறானே. மூஞ்சிய எடுத்துக்கினு பேர வுட்டுட்டு வந்தா அது திருட்டு" என்பார்.

எதையும் மாற்றமாட்டார். அதுதான் அவர். புகைப்படம் பார்த்து வரைவதில்லை, அழகுபடுத்துவதில்லை, ஒரு மச்சத்தைக்கூட நகர்த்துவதில்லை. ரிஷிவந்தியத்துப் பெரிய விவசாயி ஒருவர் புது வீட்டில் மாட்டுவதற்காகத் தன்னை வரையச் சொன்னார். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்பு ஆட்டும் இயந்திரம் அவர் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. அந்தக் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் துண்டு நழுவியதை அவர் கவனிக்கவில்லை. படத்தில் மூன்று விரல்கள்.

"அஞ்சு வெரலும் போட்டா உனக்கு இன்னாம்மா கொறஞ்சி போவுது?"

"எனக்கு ஒண்ணும் கொறையாதுங்க. உங்களுக்குத்தான் ரெண்டு கொறையுது."

அவர் படத்தை வாங்காமல் போனார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். இன்றைக்கு அதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் இறங்கிப் போகும்போது அந்தக் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார்.

என் அம்மாவையும் அக்கா வரைந்தார். படத்தில் அம்மாவின் தொண்டைக்குக் கீழே இடப்பக்கம் ஒரு சிறு புடைப்பு. "எனக்கு எங்க இருக்குது கழுத்துல கொழுக்கட்ட?" என்று அம்மா கோபித்துக்கொண்டு படத்தைப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள். எட்டு மாதம் கழித்து ஒரு மருத்துவர் அதே இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். அறுவை நடந்தது, அம்மா பிழைத்துக்கொண்டாள். நான் மாடி ஏறிப் போய் நின்றேன்.

"அன்னிக்கே தெரிஞ்சிதாக்கா?"

"தெரிஞ்சிது."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"வரைஞ்சி குடுத்தேனே தம்பி."

குற்றம் செய்த குரல் இல்லை அது. வரைந்த பிறகு சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது என்று உண்மையிலேயே விளங்காத குரல். நான் ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு போனேன். அப்படித்தான் எல்லோரும் திரும்பப் போனார்கள். தன்னை முழுதாகப் பார்த்த ஒரு கண்ணை விட்டுவிட்டு எவ்வளவு நாள் இருக்க முடியும்.

கீழே இரும்புக்கடை வைத்திருந்த பாய் மட்டும் தன்னை வரைய விட்டதில்லை. "மூஞ்சி வேணாம்மா, எங்களுக்கு அது வழக்கமில்ல" என்பார். அக்கா விடாமல் கல்லாவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். "வரையாம பாக்கறதுக்குமா தடை பாய்?" "பாரும்மா, பாத்தா தேஞ்சா போயிடுவேன்." கடைசியில் ஆணி எடைபோடும் அவருடைய கைகளை வரைந்துகொள்ளச் சம்மதித்தார். கைக்கு ஏது மூஞ்சி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்த்த அவர் மனைவி, "இது இவருதான்" என்றாராம். பாய் அரண்டுபோனார்.

இனி மலையைச் சொல்ல வேண்டும். அங்கே நான் பிறகு போகவே இல்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது அக்கா கல்வராயன் மலைக்குப் போவார். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி வளைய வளைய ஏறும்போதே அவருக்கு முகம் மாறிவிடும். வெள்ளிமலைக்கு அப்பால், கடுக்காய் மரங்கள் நிற்கிற ஒரு சரிவில் பத்துப் பதினைந்து வீடுகள். அங்கே ஓடைக்கரைப் பாறையில் அவனை அக்கா பார்த்தார். சாமையும் மரவள்ளியும் போடுகிறவன். கல்யாணம், திருவிழா என்றால் ஓடைப் பள்ளத்தில் வெல்லமும் பட்டையும் ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சுகிறவன். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை அச்சில் ஏற்றியது போதும்.

மலையில் யாரும் யாரையும் 'நீங்க' என்பதில்லை. அவனும் அக்காவை நீ என்றுதான் பேசினான்.

"உக்காருன்னா உக்காரணும், நவுராதன்னா நவுரக்கூடாது. இதுக்குப் பேரு வேலையா?"

"அரைநாளு உக்காந்து பாரு. சாயங்காலம் உன் இடுப்பு சொல்லும்."

"வூட்ல வெள்ளச் சட்ட இருக்குது, போட்டுக்கினு வரட்டா?"

"தெனமும் வெள்ளச் சட்டையிலதான் பானைகிட்ட உக்கார்றியா?"

அவன் யோசித்தான். "அப்ப பானையும் படத்துல வருமா?"

"இருக்குதே. வரும்."

"வரட்டும். எங்கப்பன் காலத்துப் பானை" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

நான்கு நாள் வரைந்தார். கதவின் அகலத்துக்கு ஒரு சித்திரம். முன்னால் பாறைமேல் அவன். காதுமடலில் பழைய வெட்டுத்தழும்பு, தொங்கவிட்ட கைகள். பின்னால் வாய்கட்டிய நான்கு பானைகள், நீலமாய்க் கிளம்பும் புகை. புகைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த இரண்டு பேர், அவன் மனைவியின் அண்ணனும் தம்பியும். கட்டைவிரல் அளவே இருந்த அந்த இரண்டு முகங்களையும் அக்கா அலட்சியம் செய்யவில்லை. தெருவில் எதிரே வந்தால் கூப்பிட்டுப் பேசிவிடலாம், அவ்வளவு அச்சு. அதுதான் அவர் வரைந்ததில் உச்சம். அவருக்கும் தெரியும்.

மறு வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சி வைத்தார். அதற்கான மடிப்புத் தாள் எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம். பக்கம் வடிவமைக்கிறவர், "இடம் பத்தல சார், படத்துக்குக் கீழ ஊர் பேர எடுத்துடலாமா?" என்று கேட்டார். அக்காவைத் தெரிந்தவன் நான். எடுக்கக்கூடாது என்றேன். அதற்குப் பதிலாகப் படத்தின் வலப்பாதியை வெட்டிவிட்டு, அவனும் இரண்டு பானையும் மட்டும் தெரியும்படி வைத்தோம். அக்கா சண்டை போட்டார், பிறகு ஒத்துக்கொண்டார். ஆக, தாளில் ஒரு முகம், கீழே பெயர், தகப்பன் பெயர், ஊர், 'தன் பானைகளோடு'. ஊரிலிருந்த எல்லா அலுவலகங்களுக்கும் அழைப்போடு அந்தத் தாளை அனுப்பினோம். உறைகளில் முகவரி எழுதியது நான்.

அடுத்த கோடையில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில், கள்ளச்சாராயம் குடித்து, அந்தச் சாவுகள் விழுந்தன. அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. தெருத்தெருவாகப் பந்தல். யாரும் யாரிடமும் உரக்கப் பேசாத நாட்கள். கொன்றது மலைப் பானை அல்ல, எங்கோ எதிலோ கலந்த விஷம். ஆனால் பிணங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த வித்தியாசத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. டீக்கடையில், "பானை வெச்சவன் எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். மலைக்குப் போலீஸ் ஏறாத நாள் இல்லை. அப்போது ஏதோ ஓர் அலுவலகத்தில் யாருக்கோ ஒரு மடிப்புத் தாள் ஞாபகம் வந்தது.

அவனை அவன் வீட்டு வாசலிலேயே பிடித்தார்கள். இரண்டு மாதம் உள்ளே இருந்தான். பிறகு, தினமும் காலையில் மலையிறங்கி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன். ஏறி இறங்குவதிலேயே பகல் போய்விடும். மரவள்ளிக் காட்டைப் பன்றி தோண்டிக்கொண்டிருந்தது. அவன் மனைவி மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டோம்.

அந்த மாதங்களில் அக்கா யாரையும் பார்க்கவில்லை. தெருவில் நடந்தால் தன் கால்களைப் பார்த்தார். பேருந்தில் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். "அம்மா கண்ணு தரையிலயே இருக்குதே, எதனா தொலச்சிட்டாங்களா?" என்று பாய் என்னிடம் கேட்டார்.

பிறகு ஒரு நாள் பாய் என்னை அச்சகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். போலீஸ்போலத் தெரிந்த இரண்டு பேர் கடைக்கு வந்து, மாடியில் அந்த முழுப்படம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். பாய் தெரியாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் மேலே போனோம். படம் சுவரில் சாய்ந்திருந்தது. பாய் அதிகம் படம் பார்க்கிறவர் அல்ல. ஆனாலும் அவர் விரல் நேராகப் புகைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"இந்த ரெண்டு பேரும் இன்னும் வெளியதான இருக்காங்க?"

"ஆமா பாய்" என்றேன் நான்.

"இவங்களப் பத்தி அவங்களுக்குத் தெரியாது. இத்தப் பாத்தா தெரிஞ்சிடும். சரியா?"

பாய் கீழே போய் ஒரு சின்ன டப்பா வெள்ளை பெயின்ட்டும் ஒரு பிரஷ்ஷும் கொண்டுவந்து வைத்தார். "ஜாஸ்தி வேணாம்மா. உள்ளங்கை அளவு. அந்த ரெண்டு மூஞ்சிய மட்டும் மூடிடு. அல்லா மன்னிப்பான்."

"நாளைக்குப் பாக்கலாம் பாய்."

மறுநாள் விடிந்ததும் படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். "அது அவனோடது. அவன்கிட்டயே குடுத்துடறேன். அவன் இன்னா வேணா பண்ணிக்கட்டும். நீ ஒரு மூலைய புடி." படத்தின் அடியில் எழுதியிருந்த பெயர்களை மட்டும் பிளேடால் சுரண்டியிருந்தார். பெயின்ட் டப்பா மாடிப்படியில் திறக்காமல் இருந்ததைப் பாய் பிறகு என்னிடம் காட்டினார்.

பேருந்தில் கண்டக்டர், "இன்னாம்மா இது, கதவா?" என்றார்.

"படம்."

"எந்த சாமி?"

"சாமி இல்ல."

"அப்ப லக்கேஜ்தான்" என்று சொல்லி அதற்கும் ஒரு சீட்டுக் கிழித்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் திரும்பிவிட்டது. அவன் மனைவி வெளிச்சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். செம்மண்ணும் சாணியும் குழைத்த குழம்பு ஒரு சட்டியில். ஊருக்குப் போகுமுன் வீட்டை முடித்து வைக்கிற அவசரம் அவள் கையில் தெரிந்தது. எங்களைப் பார்த்தாள், பூசுவதை நிறுத்தவில்லை. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் மலையேறி வந்து நிழலில் கால் நீட்டியிருந்தான். இளைத்திருந்தான்.

அக்கா திட்டு வாங்கவே வந்திருந்தார் என்று நினைக்கிறேன். அவன் திட்டவில்லை. போர்வையை விலக்கிப் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"வந்தவரு தாளப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. திரும்பித் தாளப் பாத்தாரு. காதுல இருக்கற வெட்டு வரைக்கும் இருக்குது அதுல. நீ யாருன்னு கேக்கவே இல்ல. ஏறுடான்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத்தான் வரைஞ்சிருக்க" என்றான்.

நக்கல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அக்கா போர்வையை மடிக்கத் தொடங்கினார்.

அவன் மனைவி கையை உதறிக்கொண்டு வந்தாள். தூரத்தில் நின்று பார்த்தாள், கிட்டே வந்து பார்த்தாள். புகைக்குப் பக்கத்தில் அவள் கண் நின்றது.

"எங்க அண்ணன். இது என் தம்பி."

"ம்."

"நாலு நாளும் பானைக்கு இந்தாண்ட நின்னு வெறகு தள்ளினது நானு. உனக்குச் சோறு ஆக்கிப் போட்டதும் நானு. நான் எங்க?"

அக்கா குனிந்து படத்தில் பானைகளுக்கு இந்தப் பக்கம் தேடினார். எல்லாவற்றையும் பார்க்கிறவர் அவளைப் பார்த்திருக்கவில்லை.

"நல்ல வேள" என்றாள் அவள். "என்னையும் போட்டிருந்தா புள்ளைங்கள எவன் பாக்கறது. கீழ இருந்தத எதுக்கு மேல தூக்கியாந்த? வாரத்துக்கு ரெண்டு தரம் வந்து வூட்டுக்குள்ள பாக்கறாங்க. இத அடுப்புல வையி."

"அடுப்புல வெக்கறதா?" என்று அவன் எழுந்துவிட்டான். "நான் மாட்டப்போறேன். எனக்குன்னு வேற இன்னா இருக்குது? ஆதார் கார்டுல எவன் மாறியோ இருக்கறேன்."

"மாட்டு. எங்க அண்ணன் தம்பிய எவன் ஜாமீன் எடுப்பான்?"

"அவங்கள மட்டும் மூடிடலாம்."

"எத்தால மூடுவ?" அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "உன் சாயம் கொண்டாந்திருக்கியா?"

"கொண்டு வரல."

அவள் ஒரு நொடி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியை இழுத்தாள். குழம்பை அள்ளி முதலில் தம்பியின்மேல் வைத்தாள், பிறகு அண்ணன்மேல். சுவருக்குப் பூசுகிற அதே கை, அதே வீச்சு. புகை போனது. ஒவ்வொன்றாக நான்கு பானைகளும் போயின. மண் அவன் தோளை நெருங்கியதும், "என் மேல ஏத்தாத" என்றான் அவன்.

"ஏத்தல. சும்மா இரு."

தோளின் வளைவை ஒட்டி நான்கு விரல்களால் ஒரு கரை இழுத்து நிறுத்தினாள். செம்மண் வெளியில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். மாதக்கணக்கில் தரையிலேயே கிடந்த அந்தக் கண்கள் நிமிர்ந்திருந்தன. அந்தப் பெண்ணின் கையை, மணிக்கட்டை, வேர்த்த கழுத்தை, விழுங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தன. பழைய அக்கா வந்துவிட்டார் என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "காஞ்சா நிக்குமா இது?"

"உன் செவுத்துல நிக்குதில்ல" என்றார் அக்கா.

அவள் தலையசைத்தாள். அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான், ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் எங்களுக்குக் கடுங்காப்பி கொடுத்தாள். முதல் முறையாக லேசாகச் சிரித்தாள். "பாத்துப் போங்க, கடேசி வண்டி சொன்ன நேரத்துக்கு நிக்கமாட்டான்."

வண்டியில் இடம் கிடைத்தது. முதல் வளைவு திரும்பியது. அக்கா கைகளை மடியில் வைத்திருந்தார். படத்தைத் தூக்கிக் கொடுத்ததில் நகக்கண்ணில் கொஞ்சம் செம்மண்.

"எண்ணெய்ச் சாயத்து மேல மண்ணு எங்க தம்பி நிக்கும்" என்றார்.

நான் திரும்பினேன்.

"பத்து நாளு. காய்ஞ்சி, வெடிச்சி, ஏடு ஏடா உதுந்துடும். கீழ இருக்கறதுக்கு ஒரு கீறலு விழாது." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நிக்காதுன்னு சொல்லியிருந்தா அடுப்புல வெச்சிருப்பா."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் சற்றுமுன் அந்த வாசலில் சொல்லப்பட்டது. படத்தில் ஒருநாளும் சொல்லாத பொய். அவள் எங்களோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து பாதை காட்டியது நினைவுக்கு வந்தது. இறங்கி ஓடினால் கால் மணி நேரத்தில் போய் அவளிடம் சொல்லிவிடலாம். இரண்டாவது வளைவு வந்தது. அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். கண்டக்டர் கம்பியைப் பிடித்துப் பிடித்து எங்களிடம் வந்து நின்றார்.

"எங்கம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். கூடைக்காரியைப் பார்த்த பார்வை. நான் முதலில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தேன். பிறகு, எதற்கென்று தெரியாமல், சிரித்தேன்.

"கள்ளக்குறிச்சி ரெண்டு" என்றார்.

நான் சட்டைப்பையில் கைவிட்டுச் சில்லறையை எடுத்துக் கொடுத்தேன்.